ரவுண்டானாவுக்கு ஒரு தார்ப்பாய்

விடியும்போதே கலவை தயாராக இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சிமென்ட் இறுகிவிடும். பிறகு ஓரக்கல்லை எப்படித் தட்டினாலும் அசையாது. அதனால் இருட்டு கரையும் நேரத்திலேயே மூத்தவள் மணலைக் குவித்து, நடுவில் பள்ளம் பறித்து, தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் காய்ப்பு வெடித்து, சிமென்ட் பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஆனால் அவள் கண் கலவையில் இல்லை. வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஓரகத்தி இளையவளின் தலைக்கு மேல் இருந்தது. அங்கே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

"போன வாரம் நம்ம பக்கம் இருந்துச்சு. இப்ப பாரு, மகாராணிக்குக் குடை பிடிச்சிருக்காங்க," என்றாள் புருஷனிடம்.

"வெயிலே இன்னும் வரல. அதுக்குள்ள நிழலுக்கு அழறியா?" என்றான் பெரியவன், கல்லை வயிற்றோடு அணைத்துத் தூக்கியபடி.

அவனுக்கு என்ன தெரியும்? வயிற்றெரிச்சலுக்கு வெயில் எதற்கு?

நாலு சாலை கூடும் இடம் அது. பஸ்கள் நினைத்த இடத்தில் நிற்கும். ஜனங்கள் பின்னாலேயே ஓடுவார்கள். இனி நடுவில் ரவுண்டானாவும் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டும் வரும் என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். எந்தப் பஸ் எந்த வாசலில் நிற்கும் என்று அதில் படம் போட்டிருந்தது. கோடியில் ஒரு வாசல், இந்தக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் பகுதிக்கு. அங்கே இதுவரை பஸ் போனதில்லை. தினமும் இருட்டில் நடந்துதான் வருகிறார்கள். படத்தில் அந்த வாசலில் ஒரு பெண் பையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் இளையவளின் சாடையில் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மூத்தவள் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை.

வீடு ஒன்றுதான். நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெரியவன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி சின்னவன் குடும்பம். அண்ணனும் தம்பியும் கல் பதிப்பதில் கெட்டிக்காரர்கள். காண்ட்ராக்டர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். வட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பெரியவன் செட்டிடமும் மறு பாதியைச் சின்னவன் செட்டிடமும் கொடுத்தார். "யாரு பாதி நல்லா வருதோ அவங்களுக்குத்தான் பஸ் ஸ்டாண்டு வேலை. இன்னொரு செட்டு வேற இடம் பாத்துக்கலாம்," என்றார். பஸ் ஸ்டாண்டு என்றால் வருஷக்கணக்கில் அடுப்பெரியும் வேலை. அந்த ஒரு வார்த்தையில் பலகைத் தடுப்பு சுவராகிவிட்டது. ஓரகத்திகள் பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் நாள் இன்ஜினியர் வந்து வட்டத்தின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதிலிருந்து விளிம்பு வரை ஒரு கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பியில் கயிற்றை மாட்டிச் சுற்றி வந்தால் வட்டம் விழும். அந்தக் கயிற்றை மூத்தவள் சாயங்காலம் சாயங்காலம் பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதைக் கேட்கத்தான் இளையவள் வாயைத் திறந்தாள்.

"கம்பி பொதுதானேக்கா? கயிறும் பொதுதானே?"

"உங்களுக்குத்தான் தார்ப்பாய் இருக்கே. கயிறாவது எங்ககிட்ட இருக்கட்டும்."

சின்னவன் அன்றைக்கே அந்தக் கயிற்றோடு வைத்து, அதே அளவுக்குப் புதுக் கயிறு ஒன்றை வெட்டிக்கொண்டான். அளவு பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்ன காண்ட்ராக்டர் யாரையும் அனுப்பவில்லை. இரண்டு செட்டும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, போட்டி போட்டுக் கல் பதித்தன. அந்தப் பக்கம் டீ வந்தால் இந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கூடும். இந்தப் பக்கம் ரப்பர் பூட்ஸ் வந்தபோது அந்தப் பக்கம் யாரும் மதியச் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசிக் கல்லை வைத்த அன்றுதான் தெரிந்தது. இரண்டு பாதியும் சேரவில்லை. சேர வேண்டிய இரண்டு இடத்திலும் ஒரு பாதி ஒரு சாண் வெளியே தள்ளி நின்றது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டவன் மாதிரி இருந்தது ரவுண்டானா.

காண்ட்ராக்டர் வண்டியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

"எந்தப் பாதி தப்பு?"

இரண்டு செட்டும் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டின.

"நாளைக்குக் காலையில பஸ்ஸ ஓட்டிப் பாக்க ஆளுங்க வராங்க. என் மானத்த வாங்கிட்டீங்களே. டேப்போட வரேன். நடுக்கம்பியிலேருந்து அளந்தா எவன் பாதி தப்புன்னு தெரிஞ்சிடும். தப்பான பாதிய உடைச்சு, கூலி இல்லாம கட்டிக் குடுத்துட்டு அந்த செட்டு கிளம்பலாம்."

"அளவு பாக்க ஆள் அனுப்புறேன்னீங்க சார். வரல," என்றான் பெரியவன்.

"அப்ப உன்னை எதுக்குப்பா வச்சிருக்கேன்?" அவர் சின்னவன் பக்கம் திரும்பினார். "ஜெயிக்கிற செட்டும் ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. நஷ்டம் எனக்கும்தான். பஸ் ஸ்டாண்டு வேலைக்கு வர்றவங்க கூலியக் கொஞ்சம் கொறச்சுக்கணும்."

வண்டி போய்விட்டது. சட்டி, மண்வெட்டி கழுவக் குழாயடிக்கு இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். மூத்தவள் முதலில் சட்டியை வைத்தாள். இளையவள் அதை நகர்த்திவிட்டுத் தன் சட்டியை வைத்தாள்.

"கயிறுல போர்வை காயப் போட்டீங்களேக்கா. நான் பாத்தேன்."

மூத்தவளுக்குக் கை நின்றுவிட்டது. துணி காயப்போடும் கொடி அறுந்த வாரம், முற்றத்தில் அந்தக் கயிற்றைத்தான் கட்டி ஈரப் போர்வைகளைப் போட்டிருந்தாள். பாரத்தில் கயிறு நீண்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தங்கள் பாதிதான் வெளியே தள்ளி நிற்கிறது என்று இப்போது புரிந்தது. பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"போய்ச் சொல்லு. சொல்லிட்டு அந்தத் தார்ப்பாய்க்கு அடியிலயே குடும்பம் நடத்து. உங்களத்தானே தலையில தூக்கி வச்சு ஆடுறாரு."

"எங்களயா? ரப்பர் பூட்ஸு யாருக்கு வந்துச்சு?"

"அது ஓட்டை பூட்ஸுடி. உள்ள தண்ணி நிக்குது."

"தார்ப்பாயும் ஓட்டைதான். உச்சி வெயில் நேரா மண்டையில இறங்குது."

"ஓட்டையோ என்னவோ, பஸ் ஸ்டாண்டு எங்களுக்குத்தான்னு ஏற்கெனவே சொல்லியாச்சு, தெரிஞ்சுக்கோ. எங்க வீட்டுக்காரரத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. 'உன் கையில கல்லு பேசுதுப்பா. வேலை உனக்குத்தான். அந்தப் பக்கம் மூச்சு விட்டுடாத'ன்னு."

இளையவள் கையிலிருந்த சட்டி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"கல்லு பேசுதுன்னா சொன்னாரு?"

"ஆமா. ஏன், பொறுக்கலையா?"

"எங்ககிட்டயும் கல்லுதான்க்கா பேசுச்சு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மூடவில்லை.

"மூச்சு விட்டுடாதன்னும் சொன்னாரா?" என்று கேட்டாள் மூத்தவள், குரல் இறங்கி.

"அதையும்தான்."

"எல்லாம் சேர்த்து எத்தனை தார்ப்பாய்டி இருக்கு?"

"ஒண்ணுதான். வாரத்துக்கு ஒரு பக்கம் மாத்தி மாத்திக் கட்டுறாங்க."

முதலில் இளையவள்தான் சிரித்தாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஓர் ஓட்டைத் தார்ப்பாயை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே கிழித்திருக்கிறான் அந்தக் காண்ட்ராக்டர் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நாளைக்கு அளந்தா எங்க பாதிதான் தப்புன்னு வரும்," என்றாள் மெதுவாக.

"வரும். நீங்க போவீங்க. நாங்க கம்மிக் கூலிக்கு நிப்போம். அதையும் நல்லா இருக்குன்னு சொல்லிக்கணும்." இளையவள் குழாயை மூடினாள். "அந்தக் கயிற எடுத்துட்டு வாங்கக்கா. எங்களதையும் எடுத்துட்டு வரேன்."

அன்று பலகைத் தடுப்பின் இரு பக்கத்திலிருந்தும் பேச்சுக்குரல் கேட்டது. பிறகு இரு செட்டு ஆட்களும் முற்றத்தில் வந்து கூடினார்கள்.

மறுநாள் விடிந்தபோது கலவை கலக்கும் சத்தம் இல்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடுக்கம்பியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். கம்பி நின்ற புள்ளி தெரியாதபடி அந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்கு அகலமாகக் குழி தோண்டி, மூங்கில் நட்டார்கள். சுற்றிலும் நாலு கால். இளையவள் இரண்டு கயிறுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கினாள். எது நீண்ட கயிறு, எது சரியான கயிறு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நறுக்கும்போது மூத்தவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் வேலை அவளுக்கு. அவள் சொல்லவில்லை, அரிவாளைத்தான் ஓங்கினாள். துண்டுகளை வாங்கி மூத்தவள் தார்ப்பாயைக் கட்டினாள்.

காண்ட்ராக்டர் டேப்போடு வந்து இறங்கியபோது எல்லோரும் வட்டத்தின் நடுவில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நடுக்கம்பி எங்க?"

"பிடுங்கிட்டோம் சார். தார்ப்பாய்க்கு நடுக்கால் வேணுமில்ல," என்றான் சின்னவன்.

"கயிறு?"

இளையவள் மேலே கை காட்டினாள்.

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "எது யாரு பாதின்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"எது யாருதுன்னு உங்களுக்குத் தெரியும் சார். எது தப்புன்னுதான் தெரியாது," என்றான் பெரியவன். "ஒரு வட்டத்த ரெண்டா வெட்டினது நாங்க இல்ல. ரெண்டு செட்டும் சேந்து ஒரே கயிறுல மறுபடி சுத்தித் தரோம். கூலி உண்டு. பஸ் ஸ்டாண்டு வேலை ரெண்டு செட்டுக்கும். கூலிய ஒரு பைசா கொறைக்கக் கூடாது."

"வெளிய எத்தனை பேரு வேலைக்கு அலையறான் தெரியுமா? இப்பவே கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார்," என்றாள் மூத்தவள். "அவங்ககிட்டயும் கல்லு பேசுதுன்னு சொல்லுங்க."

தார்ப்பாய்க்கு அடியில் சிரிப்பு வெடித்தது. காண்ட்ராக்டர் பெரியவனைப் பார்த்தார், சின்னவனைப் பார்த்தார். எந்தப் பக்கம் பேச ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கமே இல்லை.

வெள்ளோட்டத்துக்கு வந்த பஸ் சாலை முனையில் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். நடுவில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு இன்ஜினை அணைத்துவிட்டு, படியில் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். காண்ட்ராக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் போலீஸைக் கூப்பிடுகிறாரா, வேறு ஆட்களைக் கூப்பிடுகிறாரா, யாருக்கும் தெரியவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

வெயில் ஏறியது. இரண்டு செட்டுக்குத் தார்ப்பாய் பற்றவில்லை. பாதிப் பேருக்குத் தோள் வெயிலில் இருந்தது. மூத்தவள் தன் முழங்காலில் விழுந்த வெயிலைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் முழுசாக நிழலில் உட்கார்ந்திருந்த ஓரகத்தியைப் பார்த்தாள். பழைய எரிச்சல் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருந்தது.

"கொஞ்சம் நகந்து உக்காருடி," என்றாள். "இங்கயும் உனக்குத்தான் நிழலு ஜாஸ்தி."

இளையவள் நகர்ந்து இடம் விட்டாள்.