குடிலில் விளக்கு அணைந்த மாலை

லாண்டரியின் கடைசி மூலையில், வெண்டல் ப்ராக் வலது காலைச் சுவரோடு ஒட்டி நீட்டி உட்கார்ந்திருந்தான். போலீஸ் கண்காணிப்புக்காகக் கணுக்காலில் பூட்டிய கறுப்புப் பட்டையிலிருந்து ஒரு குட்டை ஒயர் சுவரிலிருந்த ப்ளக்குக்குப் போனது. கொட்டிலில் மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரிதான் இருந்தது. பட்டையில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"என்னப்பா, காலைத் துவைக்க வந்தியா?" கடைக்காரி மர்லா துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"டிரெய்லர் வீட்ல கரெண்ட் இல்லக்கா. ஐஸ் மழையில கம்பி அறுந்தது, இன்னும் வந்து பாக்கல. இது அணைஞ்சா நான் ஓடிப்போயிட்டேன்னு அர்த்தம். திரும்ப ஜெயில்ல போட்ருவாங்க. ரெண்டு மணி நேரம் சார்ஜ் ஏத்த விட்டீங்கன்னா போதும்."

"துவைக்கிறவங்களுக்குத்தான் இங்க இடம். சும்மா உக்கார இது சத்திரமா?"

வெண்டல் தன்னிடமிருந்த ஒரே கோட்டைக் கழற்றினான். சட்டைப்பையிலிருந்த சில்லறையைத் துவைக்கும் மெஷினில் போட்டு, கோட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். இப்போது அவனும் வாடிக்கையாளன். மர்லா கூடையோடு திரும்பிப் போனாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. குழந்தையோடு வந்த ஒரு பெண் பட்டையைப் பார்த்தாள். குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, துணிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். மர்லா நேராக வந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதப்பா. கிளம்பு."

"கோட்டு இன்னும் உள்ளே சுத்துதுக்கா."

அவள் மெஷினை நிறுத்தி, சொட்டச் சொட்ட அதை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

பிக்கெட்ஸ் ஃபோர்க், மலைகளுக்கு நடுவே நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். வெண்டலும் சுரங்கத்தில் முதுகை உடைத்துக்கொண்டவன்தான். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அவனை விடவில்லை. டாக்டர் நிறுத்தினாலும் உடம்பு நிறுத்தவில்லை. ஒருநாள் கத்தியோடு மருந்துக்கடைக்குள் போனான். அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தான். மாத்திரையை அங்கேயே விட்டொழித்தான். சென்ற மாதம் பரோலில் வந்தவனுக்கு, உள்ளே இருந்ததைவிட வெளியே இருப்பது கஷ்டமாக இருந்தது.

பரோல் அதிகாரிக்கு மறுபடி ஃபோன் செய்தான். இனி எந்தச் செய்தியும் பதிவு செய்ய இடமில்லை என்று மெஷின்தான் பேசியது. பெட்ரோல் பங்கில் ப்ளக் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். கடைசியில், போகவே கூடாது என்று நினைத்திருந்த தங்கை வீட்டுக்குப் போனான்.

டார்லீன் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலைத்தான் திறந்தாள். ஈரக் கோட்டில் அண்ணனைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. காப்பியையும் ஒரு துண்டுச் சோள ரொட்டியையும் வெளியே நீட்டினாள்.

"உள்ளே விட முடியாதுண்ணா. இது சர்க்கார் கொடுத்த வீடு. ஜெயிலுக்குப் போனவங்க வாசப்படி மிதிச்சாலே எங்களைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"நான் உள்ளே வரல டார்லீன். ஒயரை மட்டும் ஜன்னல் வழியா விடறேன். நான் வெளியவே நிக்கிறேன்."

அவள் ஒயரை வாங்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து குடியிருப்பு மேனேஜரின் வண்டி முற்றத்தில் திரும்பியது. ஜன்னல் சாத்திக்கொண்டது. திரைக்குப் பின்னால் அவள் அழுவது அவனுக்குக் கேட்டது. அவளை நொந்து என்ன பயன்? ரொட்டியைத் தின்றபடியே நடந்தான். பட்டை கணுக்காலில் அதிர ஆரம்பித்தது. சார்ஜ் தீரப்போகிறது என்ற கடைசி எச்சரிக்கை அது.

பொழுது சாய்கிற நேரம். தேவாலயம் இருந்த தெருவில் கரெண்ட் வந்திருந்தது. கதவைத் தட்டினான், ஆளில்லை. புல்வெளியில் கிறிஸ்துமஸ் குடில் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. யோசேப்பு, மரியாள், கழுதை, வைக்கோலில் குழந்தை. தேவாலயத்தின் வெளிச்சுவரில் இருந்தது ஒரே ஒரு ப்ளக்.

வெண்டல் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு குழந்தைப் பொம்மையைப் பார்த்து, "கோவிச்சுக்காதே தம்பி," என்று சொல்லிவிட்டுக் குடிலின் ஒயரைக் கழற்றினான். தன் கால் ஒயரைச் செருகினான். கழுதைக்கும் சுவருக்கும் நடுவில், காற்றுபடாமல் வைக்கோலில் சுருண்டு உட்கார்ந்தான். ஈரக் கோட்டு விறைத்துப்போயிருந்தது. பல் கிடுகிடுத்தது. பட்டை அதிர்வதை நிறுத்தியது. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

"யார் அங்கே?"

டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அந்தக் குரலை அவனால் மறக்க முடியாது. மருந்துக்கடையில் அன்று கல்லாவில் நின்ற இமோஜீன். இப்போது குடில் அலங்காரம் அவள் பொறுப்பு. விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவளும் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எழுந்திருக்க மாட்டேம்மா. பயப்படாதீங்க. கால் கட்டியிருக்கு பாருங்க," என்றான். லாண்டரியில் ஆரம்பித்து நடந்ததையெல்லாம் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "பிடுங்கணும்னா பிடுங்கிருங்க. ஊர்ல வேற யார் பிடுங்கினாலும் எனக்குக் கோபம் வரும். நீங்க பிடுங்கினா வராது."

இமோஜீன் குனிந்து ப்ளக்கைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

"ரெண்டு வருஷம் கடைக்குள்ள கால் வைக்க முடியல என்னால. வாசல் மணி அடிச்சாலே தூக்கிவாரிப் போடும். தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. கேக்கவும் யாரும் விடல."

தெருவில் போலீஸ் வண்டி வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் ஃபோன் செய்திருந்தார். ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன் கேல் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தான்.

"வெண்டலா? அதானே பார்த்தேன். இப்போ சாமி கரெண்டையே திருடறியா? எழுந்திரு. பரோல் முறிஞ்சுது, வண்டியில ஏறு."

சொல்லி என்ன ஆகப் போகிறது? வெண்டல் ஒயரைக் கழற்றக் கையை நீட்டினான். இமோஜீனின் கை அங்கே இறுகியிருந்தது. அவள் விடவில்லை.

"திருட்டு எதுவும் இல்ல கேல். நான்தான் செருகிக்கச் சொன்னேன்."

"நீங்களா? இவன் உங்க கழுத்துல..."

"கத்தி வச்சவன்தான். எனக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டாம். நான் அவனை இன்னும் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அவன் கேட்டது மன்னிப்பு இல்லப்பா, ஒரு ப்ளக்."

கேல் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "சாமி இருட்டுல கிடக்குன்னு ஊரே ஃபோன் பண்ணுது."

"பிறக்க இடமில்லாம அலைஞ்ச பிள்ளைக்கு வருஷா வருஷம் பொம்மை வச்சு விளக்குப் போடறோம். உயிரோட ஒருத்தன் காலைல இருந்து கதவு கதவாத் தட்டியிருக்கான், அதுக்கு ஒருத்தரும் ஃபோன் பண்ணலயே. ஜட்ஜ் குடுத்த தண்டனையை அவன் அனுபவிச்சுட்டான். அதுக்கு மேல நாம குடுக்கறதுக்குப் பேரு தண்டனை இல்ல, வஞ்சம். வாழ ஒரு மூலையும் விடாம விரட்டிட்டு, ஜெயிலுக்குப் போனவன் திருந்தமாட்டான்னு சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

வண்டிக்குப் போன கேல் ஒரு கம்பளியோடு திரும்பி வந்து, அதை வெண்டலின் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

இமோஜீன் ப்ளக்கிலிருந்து கையை எடுத்தாள். "நாளைக்கு சர்ச் கீழ்த்தளக் கதவு திறந்திருக்கும். உள்ளே ப்ளக் இருக்கு. நான் இருக்க மாட்டேன்," என்றாள். போகும்போது டார்ச்சைக் கழுதையின் முதுகில் வைத்துவிட்டுப் போனாள்.

வெண்டல் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்து, வெளியே வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தான்.