இருவரும் நேரில்

...இல்லை, நீலம் இல்லை, சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்துப் பக்கம் நூல் பிரிந்து தொங்கும், இரண்டாவது சர்வர் அலமாரிக்குப் பின்னால் சார் ஆணியடித்து மாட்டி வைத்திருப்பார், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்திருப்போம், சர்வர்களுக்குக் குளிரணும், நமக்கு ஜுரம் வந்தா பரவாயில்ல என்பார்... இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அலமாரிகள் முக்கால்வாசி காலி. ஒரு காலத்தில் இந்த அறைக்குள் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும், இன்றைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டுகிற தணிக்கைப் பெண்ணின் வளையல் சத்தம்கூடக் கேட்கிறது. யாருக்காவது மூச்சுத் திணறினால், எங்கேயாவது வண்டி மோதினால், ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற ஒவ்வொரு அழைப்பும் இந்த அறை வழியாகத்தான் போனது, எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று இங்கிருந்த இயந்திரங்கள்தான் சொல்லின. இனி எல்லாம் கிளவுடில். மூன்று ஊர்களில் மூன்று பிரதி, ஒன்று வெள்ளத்தில் மூழ்கினால் அடுத்தது அந்த நொடியே எடுத்துக்கொள்ளும், கூப்பிடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருஷமாகக் கட்டியது நான்தான், போன வாரம் வேண்டுமென்றே ஒரு ஊரின் பிரதியை அணைத்துப் பார்த்தோம், ஒரு அழைப்புகூட அறுபடவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷப்பட வேண்டியவள் எதற்கு வாடகை வீட்டைக் காலி செய்கிறவளைப்போல ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? நீ அந்த ரூமையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்று என் வீட்டுக்காரர் சும்மாவா சொல்கிறார்.

பழைய பதிவேடுதான் பாக்கி. அதையும் ஏற்றியாகிவிட்டது, பதினோரு மணிக்குப் பூட்டவேண்டும், பூட்டிய பிறகு ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது, அமைச்சர் வந்தாலும் முடியாது, நானே வந்தாலும் முடியாது, அப்படித்தான் இருக்கணும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவளும் நானேதான். அதற்கு முன்னால் அஞ்சு பதிவு மட்டும் உங்ககிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கணும் மேடம், எழுதினவங்க இருக்கறப்பவே, சும்மா ஃபார்மாலிட்டிதான், என்றாள் தணிக்கைப் பெண். கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியதாம். நாலு முடிந்துவிட்டது, பேட்டரி மாற்றியது, ஏசி ரிப்பேர், அந்த மாதிரி. அஞ்சாவது நானூற்றுப் பதினேழு. ஆயிரத்துச் சொச்சம் பதிவு இருக்கிற புத்தகத்தில் அதற்கு இதுதான் கிடைத்ததா?

சார் காலையிலேயே போன் பண்ணியிருந்தார். இணை இயக்குநர் ஆகியும் அவர் குரல் மாறவில்லை. என்ன பின்பாதி, எல்லாம் ரெடியா? நாலு மணிக்குப் புது சிஸ்டத்தத் தொடங்கிவைக்கறப்ப நம்ம கதையத்தான் சொல்லப்போறேன், நீ முன்வரிசைல உக்காரணும், பின்னாடி போய் ஒளிஞ்சிக்காத. பின்பாதி... ஆபீஸில் யார் வைத்த பெயரோ. முதன்மை இயந்திரம் படுத்தால் மாற்று இயந்திரத்தை எழுப்பும் பாஸ்வேர்டு பதினாறு எழுத்து, முதல் எட்டு அவருக்கு மட்டும் தெரியும், கடைசி எட்டு எனக்கு மட்டும், தனியாக ஒருத்தர் எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் முன்பாதி, நான் பின்பாதி. அவர் அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும், நான் அடிக்கும்போது அவர். எத்தனை வருஷம் அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறேன், பெயிண்ட் உரிந்த இடம் ஒன்று ஒட்டகம் மாதிரி இருக்கும். எட்டிப் பாக்காத, கழுத்து சுளுக்கிக்கும், என்பார். உங்க எட்டெழுத்து யாருக்கு சார் வேணும், வெச்சுக்கோங்க, என்பேன். தரையின் பலகைக்கு அடியில் அவர் ஒளித்து வைக்கிற பிஸ்கட் எனக்குத் தெரியும், வட்டச் செயலாளரிடம் அவர் பட்ட அவமானம் தெரியும், அவருடைய எட்டெழுத்து மட்டும் தெரியாது. எவ்வளவு நல்ல நாட்கள். நிஜமாகவே நல்ல நாட்கள்தான், யார் என்ன சொன்னாலும்.

நானூற்றுப் பதினேழு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மழை. பிற்பகல் மூணு பத்து. சாருடைய மகள் பள்ளியில் நாடகம், அவளுக்கு மரம் வேஷம், ஒரு வசனம்கூடக் கிடையாது, ஆனாலும் அப்பா வந்தே ஆகவேண்டும் என்று காலையில் அழுதிருக்கிறாள். லீவு எழுதாமல் கிளம்பினார். ஒரு மணி நேரம், பாத்துக்கோ. போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன். அவர் போய் அரை மணி ஆகவில்லை, கூரையிலிருந்து இறங்கும் குழாய் அடைத்து வெடித்து, தண்ணீர் ஒரேயடியாக மூணாவது அலமாரியில் கொட்டியது, ஜன்னலே இல்லாத அறையில் விளக்குகள் போயின, பேட்டரியில் பாதி இயந்திரங்கள் முனகிக்கொண்டிருக்க முதன்மை இயந்திரம் படுத்தேவிட்டது. மேலே அழைப்பு அறையில் பதினேழு பேர் காத்திருக்கிறார்கள் என்று யாரோ மாடிப்படியில் கத்தினார்கள். பதினேழு பேர்... அதில் யாருக்கு நெஞ்சு வலியோ, யாருக்குப் பிரசவமோ. மூன்று தடவை போன் போட்டேன், மூன்றாவதில் எடுத்தார், பின்னால் பிள்ளைகள் பாட்டு, தன் எட்டெழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிசுகிசுப்பாக. அடித்தேன். என்னுடையதையும் அடித்தேன். ஒன்பது நிமிஷத்தில் மாற்று இயந்திரம் எழுந்துகொண்டது, பதினேழு பேருக்கும் வண்டி போனது. அவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தபோது புத்தகத்தில் நான் ஏற்கனவே எழுதியிருந்தேன், இருவரும் நேரில் இருந்து திறந்தோம் என்று. அவர் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். இல்லாவிட்டால் அவர் வேலை போயிருக்கும், அந்த மரவேஷக் குழந்தையின் முகம் வேறு... ஈரக்கையால் கையெழுத்துப் போட்டார், மை கொஞ்சம் பரவியது, அவ்வளவுதான். மறுமாதம் இரண்டு பேருக்கும் பாராட்டுக் கடிதம். அதை வைத்து அவர் மேலே போனார், சீனியர், போகவேண்டியவர்தான், எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை, சத்தியமாக இல்லை.

ஸ்கேன் செய்த பக்கத்தை அவள் பெரிதாக்குகிறாள், அந்தப் பரவிய மை திரை முழுக்க வந்துவிட்டது. இது பொய் என்று இப்போது சொன்னால், விதியை மீறியதோடு பொய்ப் பதிவும் சேரும், நாலு மணி விழா இருக்காது, ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், என்னையும்தான். சரி என்று ஒரு சொல் சொன்னால் பதினோரு மணிக்குப் பூட்டிக்கொள்ளும், மூன்று ஊர்களில், மூன்று பிரதியாக, நான் கட்டிய அமைப்பில் அசைக்கவே முடியாத பொய். சரின்னு சொல்லிட்டுப் போயேன்டி, யார் குடி முழுகப்போகிறது? சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவள், மேடம், லைட் இல்லன்னு எழுதியிருக்கே, இருட்டுலயா அடிச்சீங்க? என்று சாதாரணமாகக் கேட்டாள். டார்ச் இருந்துச்சு, என்றேன். யாரு பிடிச்சாங்க?

சார்தான். வாய்வரை வந்துவிட்டது. ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் அவர் சொல்கிற கதைதானே, இவ கை நடுங்குது, நான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு பயப்படாம அடின்னு சொல்றேன், என்பார், புதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள், நானும் பின்வரிசையில் தலையாட்டுவேன். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். இடது பக்கம் சாம்பல் ஸ்வெட்டர், தோளுக்கு மேலிருந்து விழுகிற வெளிச்சம், பயப்படாம அடி... எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், மனசு சரியில்லாத நாட்களில் அந்தக் குரலைத்தானே பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருந்தார்? பொய் எழுதியது எனக்குத் தெரியும், இத்தனை வருஷமும் தெரியும், தெரிந்துகொண்டே அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேனே... போன் இடது கையில், காதோடு. வலது கை கீபோர்டில். அப்படியென்றால் டார்ச்... நாக்கில் ரப்பர் கசந்தது, இப்போது, இந்த நிமிஷம். பல்லுக்கு இடையில். எச்சில் வழிந்து கீபோர்டில் விழுந்தது, புறங்கையால் துடைத்தேன், அவர் அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு என்று கேட்கிறார், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை, திறந்தால் வெளிச்சம் போய்விடும், ஒவ்வொரு எழுத்துக்கும் ம்ம், ம்ம் என்று மட்டும் சொன்னேன். பயப்படாம அடி என்று யாருமே சொல்லவில்லை. கோபம் வரவில்லை. அவர்மீது இப்போதும் பிரியம்தான். ஆனால் அந்த ஒன்பது நிமிஷத்தில் இந்த இருட்டில் நின்ற அந்தப் பெண்ணை நான் எங்கே வைத்துவிட்டு மறந்தேன்? பதினான்கு வருஷமாக ஒருத்தர்கூட அவளை விசாரிக்கவில்லை, நான்கூட.

மேடம்? பத்து ஐம்பத்திரண்டு ஆயிடுச்சு, என்றாள் தணிக்கைப் பெண். யாரும் இல்ல, நான்தான் பல்லுல கடிச்சுக்கிட்டிருந்தேன்... இதை வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் தட்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றுவிட்டன.