பதினாறு நீளம்

வாட்ச் அதிர்ந்தது. சாவியோ நீச்சல்குளத்தின் சுவரைப் பிடித்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மணிக்கட்டைப் பார்த்தான். நானூறு மீட்டர். பன்னிரண்டு நிமிஷம், பத்து வினாடி. நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தான். எண் அப்படியேதான் இருந்தது.

பதின்மூன்று நிமிஷத்துக்குள் நானூறு மீட்டர். கம்பெனி கேட்டது அவ்வளவுதான். வாட்ச் எண்ணியது தானாகவே ஃபோனில் ஏறிவிடும். அதைப் படமாக எடுத்து இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பிவிட்டால், நாளைக் காலை காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தன் பழைய டக்கிலேயே, கப்பல் இழுக்கும் அந்தப் படகிலேயே, ஏறிக்கொள்ளலாம். அனுப்பாவிட்டால் ஐந்து மாதமாகப் பார்க்கும் வேலைதான் கடைசி வரைக்கும். துறைமுக கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுவது. இருபது வருஷம் கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்தவன் அவன். அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் யாரோ தன்னைப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியதுபோல் வெட்கமாக இருந்தது.

எல்லாம் ஜனவரியில் ஒரு விடியற்காலையில் வந்த வினை. கப்பலிலிருந்து வீசிய கயிற்றைப் பிடிக்கப் போனவன் கால் வழுக்கி, டக்குக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுந்தான். ராயபுரத்துக் கடலில் ஏழு வயதிலேயே குதித்து விளையாடியவன். தண்ணீர் தன்னை என்ன செய்துவிடும் என்று அதுவரை நினைத்ததே கிடையாது. அன்று மூன்றே நிமிஷத்தில் அது காட்டிவிட்டது. மேலே கப்பலின் இரும்பு, சுற்றிலும் கறுப்பு, ஏணி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. உடன் வேலை பார்க்கும் வேலப்பன் மட்டும் மிதவையை வீசியிருக்காவிட்டால், சாவியோவின் மனைவி ரோசி இந்நேரம் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டிருப்பாள்.

நீந்திக் காட்டினால்தான் திரும்ப ஏற்றுவோம் என்று கம்பெனி சொன்னதும், பாரிமுனையில் கடை வைத்திருக்கும் தோஸ்து ஒவைஸிடம் போய்த் தண்ணீர் புகாத இந்த வாட்ச்சை வாங்கினான். நீச்சல் என்று அமுக்கிவிட்டுக் குதித்தால் போதும். எத்தனை நீளம், எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். திருவொற்றியூரில் இருந்த இந்தக் குளம் இருபத்தைந்து மீட்டர். பதினாறு நீளம் போனால் நானூறு. அப்போது அதிரும்படி வைத்திருந்தான். ஆறு வாரமாக அதைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அதையே தடவிக்கொண்டிருந்து, ரோசியிடம் தொடையில் கிள்ளு வாங்கியதும் உண்டு.

அந்த ரோசி இன்று குளக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள் என்பதால் தானாகவே கூட வந்திருந்தாள். கையில் ஜெபமாலை.

"முடிஞ்சிதுமே," என்றான் சாவியோ. "பன்னெண்டு பத்து. படம் புடிச்சி அனுப்பிட்டா வேல முடிஞ்சிது."

ரோசி எழுந்திருக்கவில்லை. மாலையில் ஒரு மணியை இரண்டு விரலால் பிடித்தபடியே இருந்தாள்.

"பதினாலுதான் ஆயிருக்குது," என்றாள்.

"இன்னா பதினாலு?"

"நீ நீஞ்சினது. ஒரு தபா சொவர தொட்டா ஒரு மணி தள்ளிகினு வந்தேன். பத்து மணி முடிஞ்சி, பெரிய மணிய தாண்டி, நாலாவதுல நிக்கிறேன்."

"யார் உன்ன எண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா குந்திகினு இருக்க முடியல. மால கைல இருந்திச்சி."

சாவியோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எண்ணுவதற்கென்றே செய்த வாட்ச் ஒன்று சொல்கிறது. மாதாவைக் கும்பிடச் செய்த மாலை வேறொன்று சொல்கிறது. எதை நம்புவான் மனுஷன்? அதோடு இன்னொன்றும் அவன் மனதில் உறுத்தியது. அவன் திரும்ப டக்கில் ஏறுவது ரோசிக்குப் பிடிக்கவில்லை. கேட் வேலை கிடைத்த அன்று அவள் அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தது அவனுக்குத் தெரியும்.

"நீ வேணும்னே கொறைச்சி எண்ணிகீற," என்றான்.

சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா? ரோசியின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் குரல் உயரவில்லை.

"நீ கரையிலயே இருந்தா போதும்னு சொன்னவதான் நானு. அத்த உன் மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். மாலைய கைல வெச்சிகினு பொய் எண்ண மாட்டேன்யா."

அவன் கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டு ஃபோனை எடுத்தான். நானூறு மீட்டர் என்று பச்சை எழுத்தில் அழகாக இருந்தது. படம் எடுத்தான். ஆபீஸ் நம்பரைத் திறந்து படத்தை ஏற்றினான். அனுப்ப வேண்டிய இடத்துக்கு மேல் கட்டைவிரல் போய் நின்றது. அங்கேயே நின்றது. பதினாலு என்ற சொல் காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது. பேஜாரு பிடித்தது என்று முனகிக்கொண்டே ஒவைஸைக் கூப்பிட்டான்.

விஷயத்தைக் கேட்டதும் ஒவைஸ் ஒரே கேள்விதான் கேட்டான். "மாமு, நடுத்தண்ணில எங்கனா நின்னியா?"

"நிக்கலபா. ரெண்டு வாட்டி மட்டும் தல தூக்கிப் பாத்தேன்."

"கை ஓடிகினு இருந்திச்சா?"

சாவியோ யோசித்தான். "இல்ல. சும்மா மெதந்தேன்."

"அதான். வாட்சுக்கு கண்ணா கீது? உன் கை ஓடறத வெச்சித்தான் அது எண்ணுது. கை நின்னு மறுபடி ஓடிச்சின்னா, நீ சொவர தொட்டுத் திரும்பிட்டேன்னு ஒண்ணு சேத்துக்கும். ரெண்டு வாட்டி நின்னியா, ரெண்டு சேத்துகிச்சி. நடுவுல நிக்காத. திரும்பறப்ப சொவர நல்லா ஓங்கி ஒதை. அப்பதான் அதுக்குப் புரியும்."

சாவியோ ஃபோனை வைத்தான். ரோசி எண்ணியதுதான் சரி. ஆறு வாரமாகத் தானே தன்னை ஏமாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். தலையை ஏன் தூக்கினான் என்பதும் அவனுக்குத் தெரியும். குளத்தின் ஆழமான பக்கம் வந்ததும் அந்த ஜனவரிக் கறுப்பு திரும்ப வந்துவிடும். ஏணி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால்தான் மேலே கை ஓடும். முதல் வாரத்தில் நீளத்துக்கு ஒருமுறை பார்த்தான். இன்று மொத்தமே இரண்டு தடவையாகக் குறைத்திருந்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்து மூன்று வயதுக் கடல்காரன் இதைப் போய் யாரிடம் சொல்வான்?

ரோசியிடம் சொன்னான். சுவரைப் பார்த்துக்கொண்டு, நாலே வார்த்தையில் சொன்னான். "ஏணிய தேடறேன் ரோசி. பயமாக்கீது."

"அப்ப உட்டுடேன்யா," என்றாள் ரோசி. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"இன்னொரு வாட்டி நீஞ்சறேன். நீயே எண்ணு. இந்தத் தபா வாட்சு அதிர்ந்தாலும் நான் நம்ப மாட்டேன். பதினாறு ஆயிடிச்சின்னா கால தண்ணில உடு. தல தூக்காம வந்தாலும் காலு கண்ணுல படும்."

மணி மூன்று பத்து. மூன்றரைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிவந்தி வந்து குளத்தை எடுத்துக்கொள்வாள். அப்புறம் ஆறு மணிவரை பெரியவர்களுக்கு இடமில்லை. இப்போது விட்டால் விட்டதுதான். சாவியோ கண்ணாடியை இழுத்துவிட்டு, வாட்ச்சை அமுக்கிவிட்டு, சுவரை உதைத்தான்.

முதல் நாலு நீளம் சிரமமில்லாமல் போயின. ஐந்தாவதில் ஆழத்துக்கு வந்தபோது நெஞ்சு அடைத்தது. மூச்சுக்கு வாயைப் பக்கவாட்டில் திருப்பியபோது, அப்படியே முழுசாக நிமிர்ந்துவிடு என்று கழுத்து சண்டை போட்டது. அடியில் ஓடிய கறுப்புக் கோட்டை மட்டும் பார்த்தான். கோடு முடிந்ததும் சுவர் வந்தது. உதைத்தான். ஏழாவதில் கண்களை மூடிக்கொண்டே நீந்தினான். திறந்தபோது கோட்டை விட்டு ஒதுங்கியிருந்தான். ஏணி எங்கே என்று மனம் அலறியது. கை நின்றால் எண்ணிக்கை கெடும் என்ற ஒரே நினைப்பில் கையை ஓட்டிக்கொண்டே இருந்தான். உயிர் பயத்தைவிட லாரி நம்பர் பயம் பெரிதாக இருந்தது அவனுக்கு. எல்லோருக்கும் அப்படியா என்று தெரியாது.

பத்துக்கு மேல் எண்ணிக்கையைத் தவறவிட்டான். போகப் போக இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சுவரை உதைக்கக் காலில் தெம்பில்லை. கையால் தொட்டு, உடம்பைத் திருப்பி, இழுத்துக்கொண்டு வந்தான். எப்போது அதிரும் என்று மணிக்கட்டையே நினைத்துக்கொண்டு நீந்தினான். அதிரவில்லை. இன்னொரு சுவர். அதிரவில்லை. நேரம் தாண்டிப்போயிருக்கும், இனி எதற்கு என்று தோன்றியபோது, எதிரே நீலத் தண்ணீருக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ரோசியின் பாதம். சேலைக் கரையும் நனைந்து மிதந்துகொண்டிருந்தது.

சுவரைத் தொட்டு வாட்ச்சை நிறுத்தினான். கண் இருட்டியது. மூச்சு அடங்கியதும் பார்த்தான். பன்னிரண்டு நிமிஷம், ஐம்பத்தொரு வினாடி. அதற்குக் கீழே முன்னூற்றைம்பது மீட்டர்.

"இன்னாமே இது? பதினாலுன்னு காட்டுது."

"பதினாறு," என்றாள் ரோசி. மாலையை நீட்டினாள். பெரிய மணியைத் தாண்டி ஆறாவதில் அவள் விரல் இருந்தது. "கடைசில ரெண்டு வாட்டி நீ சொவர ஒதைக்கவே இல்ல. கையால தொட்டுட்டுத் திரும்பிட்ட. ஒவைஸு சொன்னான்ல, ஒதைச்சாத்தான் அதுக்குப் புரியும்னு."

சாவியோ படியில் உட்கார்ந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குறையாக நீந்தியதற்கு வாட்ச் சாட்சி சொல்கிறது. முழுசாக நீந்தியதற்கு ரோசியைத் தவிர ஒரு சாட்சியும் இல்லை. வாசல் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. சிவந்தி உள்ளே வந்து, "நேரமாச்சிண்ணா," என்றாள். அவன் கரையேறி நாற்காலியில் விழுந்தான்.

"நெசமாவே பதினாறா?" என்று கேட்டான். இந்தத் தடவை குரலில் சந்தேகம் இல்லை. வேறு ஏதோ கேட்க வந்து இதைக் கேட்டுவிட்டான்.

ரோசி நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "பதினாலு ஆவச்சொல்லவே கால உட்டுடலாமான்னு இருந்திச்சி. நீ நின்னுருப்ப. வாட்சும் கொறைச்சித்தான் காட்டியிருக்கும், நான் ஏமாத்தனது உனக்குத் தெரிஞ்சிருக்காது. அனுப்ப ஒண்ணுமில்லாம நீ கரையிலயே இருந்திருப்ப."

"அப்புறம் ஏன் உடல?"

"தல தூக்காம வந்துகினு இருந்தியே." ரோசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சாவியோ ஃபோனைத் திறந்தான். முதலில் எடுத்த படம் அனுப்பாமல் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. நானூறு மீட்டர், பன்னிரண்டு பத்து. மணி மூன்றரை தாண்டிவிட்டது. அவன் விரல் மறுபடியும் தயங்கியது.

"இது பொய்யிமே," என்றான்.

"நீ நீஞ்சினது பொய்யில்ல. அந்தப் பதினாறுக்கு நான் சாட்சி. மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் ஈர விரலைத் துண்டில் துடைத்துவிட்டு, ஃபோனை அவன் கையிலிருந்து வாங்கி, தானே அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மாலையை மடித்துப் பையில் போட்டாள்.

"எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்," என்றாள். "உன் டக்குத் துணி அஞ்சி மாசமா பொட்டில கெடக்குது. இப்ப ஊற போட்டாத்தான் காலைல காயும்."