எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு

அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கென்று ஒரு குழு உண்டு. மருந்து மாறிப்போனால் விசாரிப்பது அதன் வேலை. மாதம் ஒருமுறை கூடுவார்கள், டீ குடிப்பார்கள், ஒரு தப்பும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டுக் கலைவார்கள். அவர்கள் மனசாட்சி நன்றாக இருக்கட்டும்.

இந்த முறை, குழு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். ஒரு தப்பைக்கூடக் கண்டுபிடிக்காத குழு தூங்குகிற குழு என்பது அவர் கட்சி. குழுவை நடத்துகிறவள் தலைமை நர்ஸ். சமீபத்தில் ஒரு நோயாளிக்கு அடுத்த கட்டில்காரரின் ஊசியைப் போட்டது அவளேதான். ஆள் பிழைத்துக்கொண்டார், விஷயம் அமுங்கிவிட்டது. இப்போது அந்தத் தப்பு தேவைப்பட்டது. செய்தவள் மட்டும் வேறொருத்தியாக இருக்க வேண்டும்.

வேறொருத்தி வீட்டிலேயே இருந்தாள். கணவனின் தங்கை. புருஷன் விட்டுப்போனபின் மகளோடு அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பவள். அதே ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ், குழுவிலும் ஓர் ஆள். எல்லோருக்கும் அவள் வாயில்லாப்பூச்சி. அடுத்த மாதம் வேலை நிரந்தரமானால் தனியாகப் போய்விடலாம் என்று ஒரு சின்ன அறைகூடப் பார்த்து வைத்திருந்தாள்.

“காகிதத்துல மட்டும்தான் உன் பேரு. கூட்டத்துல ஒரு நர்ஸ்னுதான் சொல்லுவேன். எச்சரிச்சு விட்டுட்டோம்னு முடிச்சிடலாம்,” என்றாள் தலைமை நர்ஸ்.

“உங்களுக்கு உதவும்னா சரி அண்ணி.”

கூட்டத்தில் மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கினார். “எச்சரிக்கை மட்டும்தானா? அதுக்கு ஒரு குழு எதுக்கு?”

தலைமை நர்ஸ் கண் இமைக்கவில்லை. “இல்ல சார், வேலையை விட்டே நிறுத்திட்டோம்.”

மேசையின் கோடியில் சீருடையோடு உட்கார்ந்திருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். மதிப்பீட்டாளருக்கு முகம் மலர்ந்தது. முடிவு எல்லோருடையதும்தானா என்று ஒவ்வொருவராகக் கேட்பது அவர் வழக்கம். டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருத்தியும் “ஆமா சார்” என்றாள். கடைசியாக அவளிடம் வந்தார்.

“நீங்க சொல்லுங்கம்மா. அந்த நர்ஸை அனுப்பினது நியாயம்தானே?”

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். சோறு போடுகிற கை அது. மகள் தூங்குவதும் அந்த வீட்டில்தான்.

“நியாயம்தான் சார்.”

“குழுன்னா இப்படி இருக்கணும்,” என்று அவர் முழு மதிப்பெண் போட்டார்.

அவர் படியிறங்கியதும் அவள் வராந்தாவில் ஓடிவந்து அண்ணியை மறித்தாள். “சும்மாதானே சொன்னீங்க அண்ணி?”

“நீயே நியாயம்னு சொன்னதுக்கப்புறம் நான் என்னம்மா செய்யமுடியும்?” அண்ணி அவள் சட்டையிலிருந்த அடையாள அட்டையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். “அந்த ரூம்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிடு. நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்றவளைப் போன வாரமே நிறுத்திட்டேன்.”