இறங்குதுறைத் திரையில் சிவப்பு ஓரம்

அந்த இயந்திரத்தை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. கடற்படைக்காரர்கள் ஜீப்பில் கொண்டுவந்து ஸஹாப்தீன் நானாவின் கணினிக் கடையில் இறக்கிவிட்டு, "திரை வேலை செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. ஏலாது என்று சொல்லக்கூடிய ஆட்கள் திருகோணமலையில் அப்போது இருக்கவில்லை.

நான் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டவன். மாவு ஆலையில் இரவு வேலை பார்த்து, அதையும் விட்டுவிட்டு நானாவிடம் வந்திருந்தேன். இயந்திரத்தில் லினக்ஸ் இருந்தது. படம் எல்லாம் சாய்ந்து, கிழிந்த துணி போலத் திரையில் தொங்கியது. திரையை ஓட்டுகிற நிரலான ட்ரைவரைத் திறந்து பார்த்தேன். ஒரு வரியில் எத்தனை புள்ளி என்று லினக்ஸின் உட்கருவான கேர்னலுக்குப் பிழையான கணக்குச் சொல்லப்பட்டிருந்தது. திருத்தியதும் முகங்கள் நிமிர்ந்தன. நானா எனக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்தார்.

முகங்கள் என்றால், மூதூர்ப் படகில் ஏறி இறங்குகிறவர்களின் முகங்கள். அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் பதிவுப் படம் வரும். பச்சை ஓரம் என்றால் போகலாம். சிவப்பு ஓரம் என்றால் தகரக் கொட்டகைக்குள் இருக்க வேண்டும். பின்னேரம் ஒரு ஜீப் வரும். அந்த ஜீப்பில் போனவர்களைப் பற்றி ஊரில் யாரும் கதைப்பதில்லை.

திங்கட்கிழமை காலை நானா கடைக்குள் ஓடிவந்தார். சாரம் அவிழ்ந்துகொண்டிருந்தது, கையால் பிடித்திருந்தார்.

"தம்பி, றுக்கியா ராத்தாவ வெச்சிட்டானுகள்! செவப்பு வந்திட்டாம்!"

றுக்கியா அவருடைய அக்கா. மூதூரில் தையல் பழக்குகிற விதவை.

"அவவுக்கு என்னெண்டு சிவப்பு வரும்?"

"அத நீதான் சொல்லணும். உன்ட மெசின்தானே!"

இறங்குதுறையில் வரிசை நின்றுபோயிருந்தது. படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் நீள மர வாங்கில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி றுக்கியா ராத்தா, முக்காட்டு நுனியை வாயில் கடித்தபடி. மற்றவள் இருபத்தைந்து வயது மதிக்கக்கூடிய தமிழ்ப் பெண். அவளுடைய அட்டை மேசையில் கிடந்தது: தவமலர். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் மட்டும் நிற்காமல் ஆடியது.

கடற்படை லெப்டினன்ட் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். எனக்கு விளங்கும்.

"இரண்டு சிவப்பு. இந்த அம்மா சத்தியம் பண்ணுகிறாள். மெஷின் சரியா, பிழையா?"

நான் றுக்கியா ராத்தாவின் இலக்கத்தை அடித்தேன். ஒரு கிழவியின் முகம் வந்தது, பச்சை ஓரத்தோடு. ராத்தா இல்லை. அதே இலக்கத்தைத் திரும்ப அடித்தேன். தாடி வைத்த ஒரு ஹாஜியார் வந்தார். அதுவும் பச்சை.

இலக்கம் அடிக்கும் சிப்பாய் சிரித்துவிட்டான். "அம்மாவுக்குத் தாடி முளைச்சிட்டுது, சேர்."

லெப்டினன்ட் சிரிக்கவில்லை. "காலையில் சிவப்பு வந்தபோது நீ முகத்தைப் பார்த்தாயா?"

சிப்பாய் கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்தான். அவன் ஓரத்தை மட்டுமே பார்த்திருக்கிறான்.

"நீங்கள் வரிசையை எப்படி எடுக்கிறது?" என்று அவனிடம் கேட்டேன்.

"ஆம்பிளை வரிசையில் ஒரு ஆள், பொம்பிளை வரிசையில் ஒரு ஆள். மாறி மாறி."

அப்போது விளங்கியது. அந்த ட்ரைவர் திரையை இரண்டு பக்கமாக வைத்திருந்தது. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும்போது அடுத்த முகத்தை மறைவான பக்கத்தில் வரையும், பிறகு பக்கத்தைப் புரட்டும். படம் இல்லாத இலக்கம் வந்தால் எதையும் வரையாமல் புரட்டிவிடும். அந்தப் பக்கத்தில் முன்பு இருந்த முகம் தன் ஓரத்தோடு அப்படியே மேலே வரும், இரண்டு ஆளுக்கு முந்திய முகம். வரிசை மாறி மாறி வந்ததால் பெண்ணுக்குப் பெண்ணின் முகமே வந்திருக்கிறது. கடையில் நான் எல்லா இலக்கத்துக்கும் படம் வைத்துத்தான் சோதித்தேன். றுக்கியா ராத்தாவுக்குப் பதிவுப் படம் இல்லை. மூதூரில் படம் எடுத்த நாட்களில் அவ கந்தளாய் அகதி முகாமில் இருந்தா.

சொல்ல வாய் திறந்தேன். மூடினேன்.

ராத்தாவுக்கு வந்த சிவப்பு, அவவுக்கு முதல் வந்த பெண்ணின் சிவப்பு. வாங்கில் பக்கத்தில் இருக்கிற தவமலரின் சிவப்பு. அது பிழை இல்லை. நான் உள்ளதைச் சொன்னால் ஒருத்தி படகுக்குப் போவாள், மற்றவள் ஜீப்புக்கு. சிவப்பு எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. அவளுடைய தம்பி இயக்கத்தோடு காட்டுக்குப் போயிருக்கலாம். பெயர் ஒத்திருக்கலாம். அவள் ஏதாவது செய்துமிருக்கலாம்.

படங்கள் எல்லாம் கடற்படை தினமும் கொண்டுவருகிற ஒரு சின்னப் பென் ட்ரைவில் இருந்தன. அது இயந்திரத்தின் பின்பக்கம் குத்தியிருந்தது. அது இல்லாவிட்டால் ஒரு இலக்கத்துக்கும் படம் இல்லை.

"வயரைப் பார்க்க வேணும், சேர்."

கையைப் பின்னால் விட்டு அதைப் பாதி இழுத்தேன். பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. எல்லோருக்கும் கேட்டதுபோல இருந்தது. நானா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இப்ப மற்ற அட்டையை அடிக்கச் சொல்லுங்கோ."

சிப்பாய் தவமலரின் இலக்கத்தை அடித்தான். பழைய கிழவி திரும்ப வந்தா. பச்சை ஓரம், பொக்கை வாய்.

லெப்டினன்ட் திரையைப் பார்த்தார். தவமலரைப் பார்த்தார். பிறகு என்னை, நிறைய நேரம்.

"ஆக இரண்டும் பிழை."

"ஓம் சேர். மெஷின் பிழை."

"காலையில் சிவப்பு, இப்போது பச்சை. நீ வந்த பிறகு."

படகுக்காரன் ஹோர்ன் அடித்தான். லெப்டினன்ட் இரண்டு அட்டையையும் மேசையில் தள்ளினார். றுக்கியா ராத்தா பாய்ந்து எடுத்தா. தவமலர் மெதுவாக எழுந்தாள். என் பக்கம் திரும்பாமலேயே நடந்தாள். அது நல்லது. திரும்பியிருந்தால் நான் முடிந்தேன்.

"உன்னுடைய அட்டை," என்றார் லெப்டினன்ட்.

கொடுத்தேன். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெஷினைக் கொண்டுபோ. நாளைக் காலை திருத்திக்கொண்டு வா. இன்று போன எல்லா இலக்கத்தையும் நானே அடிப்பேன். எல்லாம் சரியாக வந்தால் உன் அட்டை. வராவிட்டால் நீ அந்த வாங்கில்."

பென் ட்ரைவைக் கழற்றக் கையை நீட்டினார். அது பாதி வெளியே நிற்பதை அவர் காணும் முன் நானே அவசரமாகக் கழற்றிக் கொடுத்தேன்.

ஆட்டோவில் நானா இயந்திரத்தை மடியில் வைத்திருந்தார். "அல்லாட காவல். மத்தப் புள்ள ஆரு தம்பி, தெரிஞ்சவளா?"

"தெரியா."

"அவள் புதன்கிழமை திரும்பி வருவாளாம். ராத்தாக்கிட்ட செல்லியிருக்காள். மூதூர்ல தாய் சீக்காம்."

அது என் காதில் விழுந்திருக்கக்கூடாது. அவர் சொல்லியிருக்கவும் கூடாது.

அட்டை இல்லாமல் அன்புவழிபுரத்து வீடு வரை போக ஏலாது, நடுவில் காவலரண்கள். கடையிலேயே இருந்தேன். ட்ரைவரைத் திறந்தேன். புரட்டுவதற்கு முன் பழைய பக்கத்தைக் கறுப்பாக்கினால் போதும். ஒரே ஒரு வரி. அது இருந்தால் இயந்திரம் இனி யாருக்கும் மற்றவர் முகத்தைக் காட்டாது. நாளைக்குத் தவமலரின் இலக்கத்துக்கு அவளுடைய முகம், அவளுடைய சிவப்பு. புதன்கிழமை அவள் இந்தக் கரையில் இறங்கும்போது கொட்டகை திறந்திருக்கும்.

வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். அந்த வாங்கையும் யோசித்தேன்.

வரியை எழுதினேன்.

சோதித்துப் பார்த்தேன். படம் இல்லாத இலக்கத்துக்குத் திரை கறுப்பாக நின்றது. அதில் என் முகம் தெரிந்தது.