ஆடும் பொம்மையும் நீள்வாளும்

துணி ஆல்டரேஷன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியதும், தையற்காரி கத்திரிக்கோலை வைத்துவிட்டு வாளை எடுத்தாள். நைலான் வாள்தான்; வெட்டாது, பட்டால் சுரீரென்று வலிக்கும். பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இரண்டு கைகளாலும் பிடித்துச் சண்டையிட்ட நீள்வாளின் அதே நீளம்.

கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது, எதிரே நிற்கவும் ஆள் கிடையாது. பழைய வாள் நூல்களின் படங்களையும் வீடியோக்களையும் பார்த்துத் தானாகவே தொடங்கினாள். முதலில் வாளையே தொடவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கால் மாற்றி வைத்து நடந்தாள். பிறகு மெதுவாக வெட்டிப் பழகினாள்; அதைச் செல்போனில் படம் பிடித்துப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியாகக் குத்து. அதற்கு எதிரி, சட்டை மாட்டி அளவு பார்க்கும் பொம்மை.

பொம்மைக்கு ஒரு கால் ஆட்டம். குத்தினால் சாயும், விழுந்து உடைந்தால் பிழைப்பு கெட்டது. ஆகவே குத்தியதுமே முன்னால் தாவி, இடது கையால் அதன் தோளைப் பிடித்து நிறுத்துவாள். நாளடைவில் குத்து வேறு, பிடி வேறு என்ற நினைப்பே அவளுக்கு இல்லாமல் போயிற்று.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பாள். எதிரே வந்து நில்லேன் என்றால் மட்டும் நழுவிவிடுவாள்.

"நமக்குள்ள வாய்ச்சண்டை போதாதா அண்ணி? இதுல வாள் வேறயா?"

ஊரின் மறுகோடியில் ஒரு வாள் குழு இருந்தது. அதில் ஒரே ஓர் இடம் காலி. தையற்காரியோடு ஓர் எலெக்ட்ரீஷியனும் அதைக் கேட்டிருந்தான். இருவரையும் மோதவிட்டுப் பார்த்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வதாகக் குழுத் தலைவி சொல்லிவிட்டாள். இடம் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொம்மையோடுதான் மாரடிக்க வேண்டும். அந்தக் கவலையில் தையற்காரி யாருடைய பேன்ட்டிலோ இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள்.

சனிக்கிழமை, பள்ளி ஒன்றின் விளையாட்டுக் கூடம். நாத்தனார் வேடிக்கை பார்க்கப் பெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எலெக்ட்ரீஷியன் ஏணி இல்லாமலே பல்பு மாட்டக்கூடிய உயரம். எடுத்த எடுப்பில் தையற்காரியின் தலையை மூடிய கம்பிவலை மாஸ்க்கின் மேல் ஒன்று போட்டான். பொம்மை ஒருநாளும் திருப்பி அடித்ததில்லையே; தடுக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை அவள் குத்து அவன் நெஞ்சில் நேராகப் பட்டது. பட்டதும் தாவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கூடமே சிரித்தது.

மூன்றாவது மோதலில் அவன் நிஜமாகவே கால் இடறிச் சாய்ந்தான். அவள் வாள் தலைக்கு மேலே ஓங்கியிருந்தது. இறக்கினால் ஜெயம், இடமும் அவளுக்கு. ஆனால் கை முந்திக்கொண்டது. வாளைப் போட்டுவிட்டு அவனை இரண்டு கையாலும் தாங்கினாள். அந்தத் தடுமாற்றத்தில் அவன் வாள் அவள் முதுகில் பட்டது. வெற்றி அவனுக்கு.

தையற்காரி மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. உள்ளே கண் கலங்கியிருந்தது.

தலைவி அருகில் வந்தாள். "வெட்டு, தடுப்பு எல்லாம் சொல்லிக்குடுத்துடலாம். எதிர நிக்கிறவருக்கு அடிபடக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் என் தொண்டை வறண்டுபோகுது. உங்களுக்கு அது தானாவே வருது. ஜெயிச்சது அவர்னாலும் இடம் உங்களுக்குத்தான், அடுத்த வாரத்துலருந்து வந்துடுங்க. வாளைக் கீழ போடற பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க."

வாசலில் எலெக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மேடம், கடையை எத்தனை மணிக்குச் சாத்துவீங்க? எனக்கும் எதிர நிக்க ஆள் இல்ல. மெத்தையைக் குத்திக் குத்தி, வீட்ல தரையிலதான் படுக்கை."

தையற்காரி சிரித்துவிட்டாள். "நாளைக்கு ஆறரைக்கு வாங்க. எனக்குத் தடுக்கச் சொல்லிக்குடுங்க."

"வர்றப்ப உங்க பேன்ட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க," என்றாள் நாத்தனார், அவன் கணுக்காலைப் பார்த்தபடி. "அண்ணி மடிப்பைப் பிரிச்சு இறக்கிக் குடுப்பாங்க."