எண்ணெய் மிதக்கும் வரை

ஓவியர் பிழைக்க வந்த அந்த ஊர், பதினோரு வருடத்தில் அவருக்கு நிறையவே கொடுத்திருந்தது. மாடியில் ஓர் அறை கொடுத்தது. கீழே இருந்த சலவைக்கடையின் நீராவியை இலவசமாகக் கொடுத்தது. வருடத்துக்கு மூன்று ஜலதோஷம் தவறாமல் கொடுத்தது. ஒரு சுவர் மட்டும் கொடுக்கவில்லை. சுவர் என்றால் ஓவியக் கூடத்தின் சுவர். குதிரை வரைகிறவருக்கு அங்கே சுவர் கிடைத்தது, கூழாங்கல் வரைகிறவருக்குக் கிடைத்தது, ஒன்றுமே வரையாமல் வெறும் துணியை மாட்டியவருக்குக்கூடக் கிடைத்தது. இவருக்கு வாசலில் குடை வைக்கும் இடம் மட்டும் கிடைத்தது.

அந்த வருடம் அவர் வரைந்தது நாற்பத்தொரு படம். அதில் நாற்பது, மூடிய கதவுகள். நாற்பத்தொன்றாவது சலவைக்கடைக்காரர், அவரும் ஒரு கதவை மறைத்துக்கொண்டு நின்றதால் படத்தில் விழுந்தவர். காரணம் இதுதான்: ஓவியர் கண்ணெதிரே இருப்பதைத்தான் வரைவார். ஞாபகத்திலிருந்தோ போட்டோவைப் பார்த்தோ ஒரு கோடு இழுக்கமாட்டார். கதவுகள் நகராது, கொட்டாவி விடாது, 'என் மூக்கு இப்படியா இருக்கு' என்று சண்டைக்கு வராது.

டிசம்பர் பாதியில் கூடத்தின் மேலாளர் அம்மாள் படியேறி வந்து, நாற்பத்தொன்றையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா வருஷம் பூரா ஊரெல்லாம் போய் நின்னிருக்கீங்க. ஒருத்தர்கூடத் தெறக்கலையா?"

ஓவியர் சாய்ந்திருந்த ஒரு கதவுப் படத்தை நேராக்கி வைத்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு ஒரே ஒரு படம் கொண்டுவாங்க. வடக்குச் சுவர் வர்ற வருஷம் முழுக்க உங்களுக்கு. முப்பத்தொண்ணாந்தேதி பகல் பன்னெண்டு மணிக்குள்ள சுவர்ல ஏறியிருக்கணும். அதுக்கப்புறம் பூட்டிட்டு நாங்க லீவுக்குப் போயிடுவோம். வரலைன்னா குதிரைக்காரருக்குக் கொடுத்துடுவேன். அவர் இப்பவே டேப் வெச்சு அளந்துட்டுப் போயிட்டார்."

உள்ளே என்ன இருக்கிறது? ஓவியர் மூன்று நாள் யோசித்தார். தன் கதவைத் திறந்து தானே பார்த்தார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு நாற்காலி. ஊரைக் கூட்டிக் காட்டும்படி ஒன்றுமில்லை. நான்காம் நாள் காலை பல் துலக்கும்போது விடை வந்தது. அவர் பிறந்த வீட்டின் கதவுக்கு உள்ளே இருந்தது குழம்பு. செம்பழுப்பு நிறம், முழுக் கத்திரிக்காய்கள், ஓரத்தில் சட்டியைச் சுற்றி ஒரு எண்ணெய் வளையம். அந்த வளையத்தில் ஜன்னல் தெரியும். தலையைக் குனிந்தால் முகமும் தெரியும். அவருடைய அண்ணன் அதைப் பார்த்துத்தான் முதன்முதலாக மீசை திருத்தினார் என்று வீட்டில் ஒரு பேச்சு.

அதை வரைய வேண்டுமென்றால் அது எதிரே இருக்க வேண்டும். எதிரே இருக்க வேண்டுமென்றால் சமைக்க வேண்டும். அதோடு இன்னொரு சங்கடம்: வாயில் எச்சில் ஊறாத எதையும் அவர் கை உருப்படியாக வரையாது. கதவுகளைப் பார்த்து எப்படி ஊறியது என்று கேட்கக்கூடாது. ஊறவில்லை. அதனால்தான் சுவர் கிடைக்கவில்லை.

அந்தக் குழம்பை முழுதாக வைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் யாரும் இல்லை. அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. மிச்சம் இருந்தது மூன்று பேர்: பெரியக்கா, அண்ணன், கடைக்குட்டியான ஓவியர். ஐம்பத்திரண்டு வயதிலும் அவர்களுக்கு அவர் 'குட்டி'தான். குழம்பு ஏன் யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றால், அந்த வீட்டு அடுப்படி அப்படி. உள்ளே ஒருவர்தான் நிற்க முடியும். திரும்ப வேண்டுமென்றால் வெளியே வந்து, திரும்பிக்கொண்டு, மறுபடி உள்ளே போக வேண்டும். ஆகவே முறை வைத்துச் சமைத்தார்கள். பெரியக்கா முதலில் போய் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து வைத்துவிட்டு வருவாள். அடுத்து அண்ணன் போய்க் கத்திரிக்காயை வதக்கி, புளியும் அரைத்ததும் விட்டுக் கொதிக்க வைத்துவிட்டு வருவார். கடைசியாக அம்மா போவாள், திரைச்சீலையை இழுத்துவிடுவாள். கால் மணி, இருபது நிமிஷம் கழித்து அவள் சட்டியோடு வெளியே வரும்போது வளையம் பளபளக்கும். ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்ததில்லை. மூன்றாவது முறையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

இருபதாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதிக்குள் ஓவியர் எட்டுச் சட்டி வைத்தார். அக்காவின் பாகத்தையும் அண்ணனின் பாகத்தையும் போனில் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்றாவது பாகத்துக்கு அக்கா வெல்லம் என்றாள், அண்ணன் கடைசியில் பச்சை எண்ணெய் என்றார். இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் செய்து பார்த்தார். முதல் சட்டி தார் ரோட்டின் நிறத்தில் வந்தது. மூன்றாவது இறுகிப்போய், சாயம் தேய்க்கும் கத்தியால் பெயர்த்தெடுத்தார். அதில் ஒரு கட்டியை ஜன்னல் இடுக்கில் அடைத்தார், அன்றிலிருந்து அந்தப் பக்கம் காற்றே வரவில்லை. ஐந்தாவதைத் தாளித்தபோது, முப்பது வருடமாக மூக்கடைப்பில் இருந்த சலவைக்கடைக்காரர் கீழே ஒரு தும்மல் தும்மினார், சலவை வாசனை இப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். சமைத்ததைக் கொட்டும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஜன்னலில் அடைத்தது போக எட்டையும் ஓவியரே சாப்பிட்டார். பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை விழுந்தது. எட்டிலும் வளையம் வரவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஏழரை மணிக்கு ஒன்பதாவது சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்தார். பெரியக்கா வீட்டில் லீவுக்குப் பேரன் பேத்தி ஏழு பேர். அண்ணன் குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தார். அங்கே ஒரே ஒரு பாறையின் மேல்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அதன் மேல் நின்றார். அவருக்குப் பின்னால் போன் பேச ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"வெல்லந்தான்டா குட்டி," என்றாள் பெரியக்கா. "நான் சொல்றேன்ல."

"அக்கா, நீ பாத்தியா?"

"பாக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

"அவளுக்கு எல்லாம் தெரியும்," என்றார் அண்ணன் பாறையிலிருந்து. "என் கல்யாணத்துக்கு வெச்ச பாயசத்துல உப்புப் போட்டவ."

"அது உன் பொண்டாட்டி போட்டதுடா. இருபத்தெட்டு வருஷமா என் தலையில கட்டுறே."

"சார், தேங்காய்ப்பால் ஊத்திப் பாக்கச் சொல்லுங்க," என்று வரிசையில் இருந்த ஒருவர் சொல்வது கேட்டது. "சீக்கிரம் முடிங்க, என் மாமியார்கிட்டப் பேசணும்," என்றார் இன்னொருவர்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் ஓவியர். "வெல்லம் போட்டாச்சு, எண்ணெய் ஊத்தியாச்சு. வரலை. யார் என்ன நினைக்கிறீங்கங்கறது வேணாம். யார் என்ன பாத்தீங்க? கண்ணால."

இருவரும் பார்த்திருக்க வழியில்லை. அக்காவை அம்மிக்கல் கழுவ அனுப்பியிருப்பாள் அம்மா. அண்ணனைத் தண்ணீர் தூக்க அனுப்பியிருப்பாள். அப்போதுதான் ஓவியருக்கு உறைத்தது, பார்க்கும் இடத்தில் மிச்சமிருந்தது தான் ஒருவன்தான் என்று. வீட்டில் கடைக்குட்டியை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரும் அதுவரை தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நான் பாத்தேன்," என்றார் மெதுவாக. "பசியில தட்டை வெச்சுக்கிட்டுத் தரையில படுத்திருப்பேன். திரை ஒரு சாண் குட்டை. கீழ அம்மா கால் தெரியும்."

"கால்ல என்னடா இருக்கு?"

"குதிகால் தரையில இருக்கும். விரல் மேல பாத்திருக்கும். ஒரு கால்மேல இன்னொரு கால். அது நிக்கிற கால் இல்லக்கா. உக்காந்திருக்கிற கால்."

பெரியக்கா பேரப்பிள்ளைகளை அதட்டி வெளியே விரட்டினாள்.

"அப்போ உள்ள போய் அம்மா ஒண்ணுமே பண்ணலையா?" என்றாள்.

"மூடி வெச்சுட்டு உக்காந்திருக்கா," என்றார் அண்ணன். "நம்ம மூணு பேரையும் வெச்சுக்கிட்டு வேற எங்க போய் உக்காருவா?"

"நீங்க மெதுவாப் பேசுங்க சார்," என்றார் வரிசையில் மாமியாருக்காகக் காத்திருந்தவர்.

ஓவியர் அரைத்தார், வதக்கினார், கொதிக்க விட்டார். ஒன்பது மணிக்குப் படம் வாங்கிப் போக ஓவியக் கூடத்துத் தச்சர் வந்தார். அவர் சட்டம் அடித்துக் கொண்டுவந்திருந்தார், ஆணியும் சுத்தியலும் இடுப்பில். படம் வரையும் கித்தான் துணி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"சார், படம் எங்க?"

"அடுப்புல இருக்கு. உக்காருங்க தம்பி."

ஒன்பது பத்துக்கு அடுப்பை அணைத்தார், மூடியைப் போட்டார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சுவருக்காகப் பதினோரு வருடமாக எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்த மனிதருக்கு, எதையும் செய்யாமல் இருப்பது எப்படி என்று தெரியவில்லை. கை தானாக மூடிப் பக்கம் போயிற்று. அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மற்றொரு கை கரண்டியைத் தேடிற்று. அதையும் உட்கார்ந்து அமுக்கினார். எட்டுச் சட்டியையும் கொதிக்கக் கொதிக்கக் கிளறிக்கொண்டே தூரிகையைத் தொட்டது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறிற்று. ஒன்றையாவது அதன் பாட்டுக்கு விட்டிருந்தால் என்றைக்கோ வந்திருக்கும்.

"சார், மணி ஒன்பதே கால்."

"தெரியும்."

"குதிரைக்காரர் கூடத்து வாசல்ல நிக்கிறார். குதிரைப் படத்துக்குப் போர்வையெல்லாம் போத்திக் கொண்டாந்திருக்கார்."

"நிக்கட்டும்."

"நீங்க வரையலையா?"

"வரைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

தச்சர் அவர் அமுக்கி வைத்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். ஓவியர்களோடு நெடுநாள் பழகியவர் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு மூடியை எடுத்தார். வளையம் வந்திருந்தது. சட்டியைச் சுற்றி ஒரு விரல் அகலம், செம்பு நிறம், அதில் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாவும் தெரிந்தது. ஓவியருக்கு வாயில் ஊறிற்று. தச்சருக்கும் ஊறிற்று; அவர் நாற்காலியோடு ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

"தொட்டீங்க, படத்துல கை விழும்," என்றார் ஓவியர் திரும்பாமல்.

ஒன்றரை மணி நேரம் அவர் தூரிகையை ஒரு முறைகூடக் கீழே வைக்கவில்லை. சாயம் மேலே தெறித்தது, ஜன்னல் கண்ணாடியில் தெறித்தது, தச்சரின் சட்டையில் தெறித்தது. கத்திரிக்காயின் காம்பு வந்தது, பிளந்த வாய் வந்தது. கடைசியில் வளையத்தை ஒரே இழுப்பில் போட்டார். மணி பதினொன்று. தூரிகையைக் கழுவப் போன நேரத்தில் தச்சர் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டார்.

"சார், உப்பு கொஞ்சம் கம்மி."

"படத்துல சரியா இருக்கு. கிளம்புங்க."

ஈரப் படத்தைச் சுற்ற முடியாது, பஸ்ஸில் ஏற்ற முடியாது. விளிம்புகளைப் பிடித்து, முகத்தை வெளியே காட்டி, ஓவியர் தெருவில் இறங்கி நடந்தார். முன்னால் தச்சர், சட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தானே ஒரு படமாகி, "வழி, வழி, ஈரம்" என்று சொல்லிக்கொண்டே போனார். லீவு நாளில் கடைகளெல்லாம் பாதி சாத்தியிருந்தன. மருந்துக்கடை வாசலில் இருந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று எண்ணி வீட்டுக்குப் போனார். காற்று வேகமாக வீசும் முனையில் ஓவியர் பக்கவாட்டில் நண்டுபோல நடந்தார். ஒரு தூசிகூட ஒட்டவிடவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோது மேலாளர் அம்மாள் கைப்பையை மாட்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். வடக்குச் சுவரின் கீழே போர்வை போர்த்திய குதிரையோடு குதிரைக்காரர் நின்றார்.

"ஈரமா இருக்கே சார். ஈரப் படத்தை மாட்டக்கூடாதுன்னு விதி இருக்கு," என்றார் அம்மாள்.

"எங்க எழுதியிருக்கு மேடம்?"

"எழுதலை. இதுவரைக்கும் யாரும் ஈரமாக் கொண்டுவந்ததில்லை."

"பன்னெண்டு மணிக்குள்ள சுவர்ல ஏறணும்னுதான் சொன்னீங்க. காஞ்சு ஏறணும்னு சொல்லலை. ஆணி அடிக்கிற வரைக்கும் நான் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அடிக்கக்கூடாதுன்னா லீவு முடியற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நீங்க பூட்டிக்கிட்டுப் போங்க."

அவர் சொன்னால் நிற்பார் என்பது முகத்தில் தெரிந்தது. மேலாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். படத்துக்குப் பக்கத்தில் வந்து வளையத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, ஒரு முறை எச்சிலை விழுங்கினார்.

"அடிங்க," என்றார் தச்சரிடம்.

நான்கு ஆணி. படம் முதலில் ஏறிற்று, சட்டம் அதைச் சுற்றிச் சுவரிலேயே ஏறிற்று. கடைசி ஆணி இறங்கும்போது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. குதிரைக்காரர் நெடுநேரம் பார்த்தார். "கத்திரிக்காயா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் ஓவியர். "குதிரையைப் பாத்து யாருக்கும் இப்படிப் பசிக்காது" என்று சொல்லிவிட்டு, குதிரையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டார்.

பதிவேட்டில் ஓவியர் கையெழுத்துப் போட்டார். விரலிலிருந்த செம்பு நிறம் தாளிலும் ஒட்டிற்று. பேனாவை மூடாமல் கூடத்தைச் சுற்றிலும் பார்த்தார்.

"மேடம், அந்தக் கிழக்குச் சுவர் அதுக்கடுத்த வருஷம் யாருக்கு?"

"முதல்ல இது காயட்டும் சார்."

எண்ணெய்ச் சாயம் முழுசாகக் காய ஆறேழு மாதம் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

"காயறதுக்குள்ள சொன்னாப் போதும்," என்றார் ஓவியர்.